சர்வேயர் பாக்காத வளைவு

— என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க. போனை வண்டிக்குள்ள விட்டு நாலு கோணத்துல படம் எடுத்துட்டேன், ஒண்ணுமே தெரியல. எது வளைஞ்சிருக்குன்னு சொன்னீங்க?

— முன் சேசிஸ். இடது பக்கம். பேட்டரிக்குக் கீழ நீளமா போகுது பாரு, பெட்டி மாதிரி, அந்த இரும்பு.

— அது கோடு போட்ட மாதிரி நேரா இருக்கே!

— நேராத்தான் இருக்கும்.

— இருக்கும்னா?

— நிமிர்த்திட்டேன்ல.

— எப்போ?

— வெள்ளிக்கிழமை. நீ பல் டாக்டர்கிட்ட போயிருந்தியே, அப்போ.

— அடப்பாவி மனுஷா! பதினோரு மணிக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றாரு. அவர் வர்றதே இந்த வளைவைப் பாக்கத்தான். வந்து எதைப் பாப்பாரு? உங்க மூஞ்சியையா?

— இரு, இரு. கத்தாதே. நீ எப்போ அவரை வரச் சொன்ன?

— வெள்ளிக்கிழமை சாயங்காலம். சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தீங்களே, 'நர்ஸம்மா வண்டி, இடது சேசிஸ், பதினெட்டு மில்லிமீட்டர் உள்ள'ன்னு. அதைப் பாத்துட்டுத்தான் போன் போட்டேன். பம்பரைக் கழட்டினோம், உள்ள அடி இருக்கு, வந்து பாருங்கன்னு சொன்னேன். அந்த நேரத்துல நீங்க அதை நிமிர்த்திட்டு கையைத் துடைச்சுக்கிட்டு நின்னிருக்கீங்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தை?

— நீதான் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு பேசாதே பேசாதேன்னு ஜாடை காட்டின.

— நல்லா இருக்கு கதை. பல்லு வலிச்சது எனக்கு, மறந்து போனது உங்களுக்கு. நம்ம பட்டறையில ஒரே ஒரு சட்டதிட்டம்தானே வெச்சிருக்கேன்? முதல்ல படம், அப்புறம் சுத்தியல். ஒன்பது வருஷமா தொண்டை தண்ணி வத்தக் கத்தறேன்.

— கேளு. நான் நிமிர்த்தணும்னு ஆரம்பிக்கல. எவ்வளவு வருதுன்னு பாக்கலாம்னுதான் சங்கிலியை மாட்டினேன். லேசா ஒரு இழு இழுத்தேன். வருது. சமத்தா வருது. பாதியில விட்டா திரும்ப உள்ள போயிடும். அப்புறம் அது அந்த கோணலையே பழகிடும். எப்படி விடறது சொல்லு?

— பக்கத்துல போன் கிடந்துச்சே, ஒரு படம் எடுக்கறதுக்கு எவ்வளவு நேரம்?

— கை முழுக்க கிரீஸ்.

— சரி, சங்கிலியை மாட்டின கிரிப்பு கடிச்ச பல் தடமாவது இருக்குமே? அதைக் காட்டி, இங்க பிடிச்சு இழுத்தோம்னு சொல்லலாம்.

— அதைத் தேய்ச்சுட்டேன்.

— என்னது?

— தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, மேல கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டேன். அசிங்கமா இருந்துச்சு.

— பேட்டரிக்குக் கீழ! யாருமே பாக்காத இடத்துல!

— நான் பாப்பேன்ல.

— உங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒருத்தன் திருடினாகூட தடயம் விட்டுட்டுப் போவான். நீங்க நியாயமா வேலை பண்ணிட்டு தடயத்தை அழிச்சிருக்கீங்க. போங்க, அந்த பெரிய சுத்தியலை எடுத்து மறுபடி வளைச்சு வைங்க. நான் படம் எடுத்துக்கறேன்.

— என்ன பேச்சு பேசற? ஒரு தடவை அடிபட்டு நிமிர்ந்த இரும்பு. மறுபடி வளைச்சா அப்புறம் அது தாங்காது. நாளைக்கு எவனாவது இடிச்சா அந்தம்மா காலுதான் போகும்.

— கோபத்துல சொன்னேன். வளைங்கன்னா வளைச்சிடுவீங்களா என்ன?

— அதுக்கு வேற வழி இருக்கு.

— என்ன வழி?

— அந்த டாக்சி ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் முந்தி வந்துச்சே. இதே மாடல், இதே இடது பக்கம். வேற பட்டறைக்காரன் பிரிச்சுப் போட்டுட்டு, நம்மால ஆகாதுன்னு இங்க தள்ளி விட்டானே.

— ஆமா. அதுக்கென்ன?

— அந்தப் பட்டறைக்காரன் எடுத்த படம் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கு. அச்சு அசல் இதே வளைவு. நம்பர் பிளேட்டுகூட தெரியல.

— அதை அனுப்பச் சொல்றீங்க.

— பொய் இல்லியே. வளைஞ்சிருந்துச்சு. நான் நிமிர்த்தினேன். படம் மட்டும்தானே வேற?

— படம் மட்டும்தானேவா? இங்க பாருங்க. நீங்க வண்டியைத் தடவிப் பாத்தே இங்க ஒரு நூலு மேடுன்னு சொல்றீங்க. எனக்கு அது தெரியாது, நான் எத்தனை தடவ தடவினாலும் வழவழன்னுதான் இருக்கும். அதே மாதிரி எனக்கு இந்தக் காகிதம். ஒண்ணு தப்பா இருந்தா உடம்பே என்னமோ பண்ணுது. ராத்திரி தூக்கம் வராது.

— காகிதத்தை யாரு பாக்கறா? ஃபைலுக்குள்ள போயிடும்.

— பேட்டரிக்குக் கீழ யாரு பாக்கறா?

— அது வேற, இது வேற.

— ஒண்ணும் வேற இல்ல. இந்த இன்சூரன்ஸ் கம்பெனியோட பட்டறை லிஸ்டுல நம்ம பேரு ஏறி மூணு மாசம்தான் ஆகுது. நான் நடையா நடந்து ஏத்தின பேரு. ஏன் ஏத்தினாங்க? மத்த கம்பெனிக்காரங்ககிட்ட விசாரிச்சப்போ, அந்தம்மா அனுப்பினா சரியா இருக்கும்னு சொன்னாங்களாம். அந்த ஒரு வார்த்தைதான் நம்ம முதல். அது போச்சுன்னா லிஸ்டுல இருந்து எடுத்துடுவாங்க. ஒரு கம்பெனி எடுத்தா, மாசம் முடியறதுக்குள்ள எல்லா கம்பெனிக்கும் தெரிஞ்சிடும்.

— சரி, அப்போ நர்ஸம்மா கதி? கம்பெனி குடுக்கலேன்னா சேசிஸ் வேலைக்கு அந்தம்மாதானே குடுக்கணும்?

— நாம அவங்ககிட்ட கேக்க வேண்டாம். நாமளே போட்டுக்கலாம்.

— போன மாசம் கறுப்பு வண்டிக்கும் இதையேதான் சொன்ன. ஒரு நாள் வேலை, இழுக்கற மிஷின் வாடகை. பட்டறை வாடகையே ரெண்டு மாசம் நிக்குது. எத்தனை வண்டிக்கு நாம போட்டுக்கறது?

— தெரியல. என்னைக் கேட்டா? சங்கிலி மாட்டறதுக்கு முன்னாடி நீங்க யோசிச்சிருக்கணும்.

— அந்தம்மா வெள்ளிக்கிழமை இங்க வந்தாங்க. சொன்னேனா உன்கிட்ட?

— சொல்லல. நீங்கதான் எதையுமே சொல்றதில்லையே.

— பஸ்ஸுல வந்தாங்க. ரெண்டு கையிலயும் பை. அவங்க பாக்கற பேஷண்ட் எல்லாம் படுக்கையில கிடக்கறவங்களாம். வீடு வீடா போய் புண்ணு துடைச்சு கட்டு மாத்தணும். பஸ்ஸுல போனா ஒன்பது வீட்டுல நாலுதான் முடியுதாம். மாசக் கடைசிக்குள்ள வண்டி இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவோம்னு வேலை குடுத்தவங்க சொல்லிட்டாங்களாம். சிக்னல்ல சும்மா நின்ன வண்டியை எவனோ இடிச்சுட்டு ஓடிட்டான். அவங்க என்ன தப்பு பண்ணாங்க? அந்த பெஞ்சுல உக்காந்து, எப்ப கிடைக்கும் மாஸ்டர்னு ஒரே வார்த்தைதான் கேட்டாங்க. அவங்க போன உடனேதான் சங்கிலியை எடுத்தேன்.

— அதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? எவ்வளவு வருதுன்னு பாக்க இழுத்தேன், கிரீஸுன்னு சுத்தி வளைச்சுக்கிட்டு.

— சொன்னா திட்டமாட்டியா?

— திட்டுவேன். ஆனா குறைச்சுத் திட்டியிருப்பேன்.

— அப்போ அந்தப் படம்...

— வேண்டாம். அவர் வரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்றேன். கொடுத்தா கொடுக்கட்டும், இல்லேன்னா என் வளையலை வெச்சு பாத்துக்கலாம்.

— கொஞ்சம் யோசிச்சுத்தான் பாரேன். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

— எத்தனை தடவ கேப்பீங்க? என்ன இன்னைக்கு இப்படி நச்சரிக்கறீங்க? அதோ, யாரோ வண்டியை நிறுத்தறாங்க. அவராத்தான் இருக்கும். நெத்தியில பெயிண்ட் ஒட்டியிருக்கு, துடைங்க.

— வணக்கம். பட்டறை இதுதானே? நான் சர்வேயர். போன்ல பேசினது நீங்கதானா மேடம்?

— நான்தான் சார். வாங்க. இவர் என் வீட்டுக்காரர், வேலை எல்லாம் இவர்தான். போன வாரம் உங்களுக்கு வீடியோவுல காட்டினோமே, அதுவும் இவர்தான் பிடிச்சாரு.

— தெரியும் மேடம். வீடியோ முழுக்க அவர் கட்டைவிரல்தான் இருந்துச்சு. சரி, வண்டி இதா? கொஞ்சம் டார்ச் அடிங்க மாஸ்டர். பம்பர், ஹெட்லைட், பானெட் எல்லாம் முன்னாடியே பாஸ் பண்ணியாச்சு. இப்போ சேசிஸ் மட்டும்தான்... அடடே. நேரா இருக்கே.

— அதைத்தான் சார் சொல்ல வந்தேன்.

— வேலையை முடிச்சுட்டீங்களா? அதாவது, நான் பாக்கறதுக்கு முன்னாடி தொடக்கூடாதுன்னு விதி இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா பரவாயில்ல மேடம். அதான் படம் அனுப்பிட்டீங்களே.

— என்ன படம் சார்?

— இன்னைக்கு எட்டேகாலுக்கு உங்க பட்டறை மெயில்ல இருந்து வந்துச்சு. கீழ உங்க பேருதான் இருந்துச்சு. பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கேன், பாருங்க. நல்லா வளைஞ்சிருக்கு. இந்தத் தாளுல ஒரு கையெழுத்து போடுங்க போதும். 'இணைத்துள்ள படம் இந்த வாகனத்தினுடையதே'ன்னு இருக்கு. போட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்.

— ஒரு நிமிஷம் சார். பேனா எடுத்துட்டு வர்றேன்.

— பேனா என்கிட்டயே இருக்கு மேடம்.

— இல்ல சார், எனக்கு என் பேனாவுலதான் எழுத வரும். என்னங்க, நீங்களும் உள்ள வாங்க. அது எங்க வெச்சீங்கன்னு காட்டுங்க.

— வர்றேன்.

— கதவைச் சாத்துங்க.

— நான் சொல்றதைக் கேளு...

— எட்டேகால். நான் குளிச்சிட்டு இருந்தேன்.

— ஆமா.

— அப்போ இவ்வளவு நேரமா என்கிட்ட, அனுப்பலாமா, பொய் இல்லியே, யோசிச்சுப் பாரேன்னு கேட்டதெல்லாம்?

— நீ சரின்னு சொல்லிட்டா, நான் அனுப்பினது தப்பா இருக்காதேன்னு நினைச்சேன்.

— ஐயோ.

— உன் பேரைப் போடணும்னு நான் நினைக்கல. சத்தியமா. அதுல அனுப்பினா உன் பேரு தானா வந்து கீழ உக்காந்துக்குது. எனக்கு அதை எடுக்கத் தெரியல. எடுக்கப் பாத்தேன், மேல இருந்த எழுத்து எல்லாம் போச்சு.

— சிரிக்க வெக்காதீங்க. எனக்கு அழுகையா வருது.

— திட்டு. நல்லா திட்டு.

— திட்டறதுக்கு நேரம் இல்ல. வாசல்ல ஆளு நிக்குது.

— இப்போ கையெழுத்து போட்டா முடிஞ்சிடும். அவர் சந்தேகமே படல. நர்ஸம்மாவுக்கு நாளைக்கு வண்டி. இல்லேன்னு சொன்னா வண்டியும் போச்சு, லிஸ்டும் போச்சு. நீ நடையா நடந்து ஏத்தின பேரு, அதுவும் போச்சு. நான் பண்ணின கோணலுக்கு எல்லாரும் அனுபவிக்கணுமா?

— நீங்க சொல்றது எல்லாம் சரிதான். கணக்குப் பாத்தா நீங்க சொல்றதுதான் சரி.

— அப்போ?

— எனக்கு பயமா இருக்குங்க. ஒன்பது வருஷத்துல பேனா எடுக்கறதுக்கு இப்படி பயந்தது கிடையாது.

— என்ன பண்ணப்போற?

— தெரியல. வாங்க, அவர் காத்துக்கிட்டிருக்காரு.

— பேனா கிடைச்சுதா மேடம்?

— கிடைச்சுது சார். ஆனா கையெழுத்து போடமாட்டேன்.

— ஏன்?

— அது இந்த வண்டி இல்ல.

— அப்போ எந்த வண்டி?

— ரெண்டு வருஷம் முந்தி வந்த டாக்சி. இந்த வண்டியும் இதே மாதிரி வளைஞ்சிருந்துச்சு, பதினெட்டு மில்லிமீட்டர். அது உண்மை. ஆனா படம் எடுக்கல. எடுக்காம நிமிர்த்திட்டோம். அதுதான் நடந்தது.

— சார், ஒரு நிமிஷம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அனுப்பினது நான். அவ வேண்டாம்னுதான் சொன்னா. எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க.

— உங்க பேரு எங்க ஃபைல்ல இல்லையே மாஸ்டர். இவங்க பேருதான் இருக்கு. மேடம், தப்பான படம் அனுப்பினா நான் என்ன எழுதணும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?

— தெரியும் சார். லிஸ்டுல இருந்து எடுக்கச் சொல்லி எழுதணும்.

— தெரிஞ்சும் சொல்றீங்க.

— பெருமைக்காகச் சொல்லல சார். நாளைக்கு இன்னொரு வண்டி வரும், நான் ஒரு உண்மையான படத்தை அனுப்புவேன். அதுக்குக் கீழ என் பேரைப் பாக்கறப்போ எனக்கே நம்பிக்கை இருக்காது. அப்புறம் இந்த வேலையை எதை வெச்சுச் செய்யறது?

— ம். மாஸ்டர், நீளமான டேப் இருக்கா?

— இருக்கு சார்.

— ஒரு முனையை வலது பக்க முன் போல்ட்டுல பிடிங்க. நான் இடது பக்கம் பின்னால பிடிக்கறேன். குறுக்களவு எவ்வளவு?

— ஆயிரத்து நானூத்தி பன்னெண்டு.

— இப்போ மாத்திப் பிடிங்க. நீங்க இடது பக்கம் முன்னால, நான் வலது பக்கம் பின்னால.

— ஆயிரத்து நானூத்தி பன்னெண்டு.

— சரியா பாருங்க.

— சரியாத்தான் சார் பாக்கறேன். பன்னெண்டு.

— இன்னொரு தடவை. டேப்பை நல்லா இழுத்துப் பிடிங்க... பன்னெண்டேதான். மேடம், இவர் எப்பவுமே இப்படித்தானா?

— எப்படி சார்?

— அதாவது, இந்த மாடல்ல நான் நூறு வண்டியாவது அளந்திருப்பேன். புது வண்டி, கம்பெனியில இருந்து அன்னைக்குத்தான் வெளிய வந்த வண்டி. ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருந்ததே இல்ல. இடது பக்கம் எப்பவும் ரெண்டு மில்லிமீட்டர் கம்மியாத்தான் வரும். அவங்க அச்சே அப்படி. அது போதும்னு அவங்களே விட்டுட்டாங்க. இந்த வண்டியிலதான் வித்தியாசமே இல்ல.

— ஆமா சார், இழுத்து முடிச்சதும் அளந்தேன். ரெண்டு மில்லிமீட்டர் உள்ள நின்னுச்சு. விடறதா? மறுபடி சங்கிலியை மாட்டி, அதையும் எடுத்தேன். அதுக்குத்தான் ரெண்டு மணி நேரம் ஆச்சு.

— கம்பெனிக்காரனே விட்டதை!

— கோணலா இருந்துச்சே சார்.

— கேட்டீங்களா மேடம்? இந்த சேசிஸ்ல யாரும் கை வெக்கலேன்னு யாராவது சொன்னா, கம்பெனியில இருந்து இப்படி வந்த இன்னொரு வண்டியை அவன் எனக்குக் காட்டட்டும். 'இடது முன் சேசிஸ் இழுத்து நிமிர்த்தப்பட்டுள்ளது, நேரில் அளந்து உறுதி செய்தேன்.' இப்படித்தான் எழுதப்போறேன். ரெண்டு அளவையும் கீழ குறிச்சிடறேன். நர்ஸம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லுங்க, நாளைக்கு வண்டி எடுத்துக்கலாம்.

— சார்... நிஜமாவா?

— அளவுதானே மேடம், அது யாருக்காகவும் மாறாது. ஆனா மாஸ்டர், அடுத்த தடவை கிரீஸ் கையா இருந்தாலும் பரவாயில்ல, ஒரு படம் எடுத்துட்டுத் தொடுங்க.

— எடுக்கறேன் சார். இனிமே இவ சொல்லாம சங்கிலியைத் தொடமாட்டேன்.

— நம்பாதீங்க சார், ஒன்பது வருஷமா இதைத்தான் சொல்றாரு. சார், இன்னொண்ணு கேக்கணும். கேக்கவே வாய் வரல. அந்தப் படம் உங்க ஃபைல்ல ஏறியிருக்குமே? லிஸ்டுல எங்க பேரு...

— ஃபைல்ல ஏறல, லிஸ்டுல உங்க பேரு அப்படியே இருக்கும். காலையில பாத்த உடனே தனியா எடுத்து வெச்சுட்டேன். அதுக்கு நீங்க கையெழுத்து போடறீங்களான்னு பாக்கத்தான் தாளோட வந்தேன்.

— பாத்த உடனேவா? எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? நம்பர் பிளேட்டுகூட தெரியலையே.

— ரெண்டு வருஷம் முந்தி அந்த டாக்சியைப் பாக்க அந்த இன்னொரு பட்டறைக்குப் போன சர்வேயர் நான்தான். கீழ, ஓரமா பாருங்க மாஸ்டர், ஒரு ஷூ தெரியுதே, அது என் காலு.